வெட்டிய குச்சி வேர்விடுவது எப்படி? மல்லி, செம்பருத்தி, ரோஜா நடுவோருக்கு ஒரு விளக்கம்

செம்பருத்திக் குச்சி ஒன்றை ஒடித்துத் தொட்டியில் செருகுகிறோம். பத்துப் பன்னிரண்டு நாளில் கணுவிலிருந்து துளிர் எட்டிப் பார்க்கிறது. பிடித்துக்கொண்டது என்று வெயிலுக்கு நகர்த்துகிறோம், ஒரு கை உரமும் போடுகிறோம். அடுத்த வாரம் துளிர் தொங்கிவிடுகிறது. குச்சி மேலிருந்து கறுத்துக்கொண்டே வருகிறது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை.

குச்சி நட்டுப் பார்க்கும் பலருக்கும் முதலில் நடப்பது இதுதான். துளிர் விடுவதற்கு வேர் தேவையில்லை. தண்டுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாவுச்சத்தையும் ஈரத்தையும் கொண்டே மொட்டு விரிந்துவிடும். புது இலை விரிய விரிய, அதன் வழியாக நீர் ஆவியாகப் போகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட அடியில் வேர் இல்லாததால் சேமிப்பு தீர்ந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே துளிரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வேரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

குச்சி நடுதல் முழுவதையும் இந்த ஒரே கணக்கில் புரிந்துகொள்ளலாம். வேர் வர மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை குச்சி காயவும் கூடாது, அழுகவும் கூடாது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும், இலையைப் பாதியாக நறுக்குவதில் தொடங்கி பாட்டிலால் மூடுவது வரை, இந்த இரண்டில் ஒன்றைத் தடுப்பதற்காகத்தான்.

குச்சிக்குள் என்ன நடக்கிறது

செடியின் நுனிமொட்டும் இளம் இலைகளும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளை உண்டாக்குகின்றன. நெதர்லாந்துத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1928இல் ஓட்ஸ் நாற்றுகளை வைத்து இதை நிறுவிக் காட்டினார். ஆக்சின் தண்டுக்குள் நுனியிலிருந்து அடியை நோக்கியே நகரும். முழுச் செடியில் அது வேர்வரை இறங்கிப் போய்விடும். தண்டை வெட்டிவிட்டால் மேற்கொண்டு போக வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் உயிரணுக்களைத் தூண்டி, அவை பிரிந்து பெருகி, வேரின் முளையாக மாறச் செய்கிறது.

குச்சியைத் தலைகீழாக நடக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே. மேல் கீழ் மாற்றிச் செருகினாலும் ஆக்சின் தன் பழைய திசையிலேயே போகும். வேர் வர வேண்டிய முனை காற்றில் நின்று காய்ந்துபோகும். இலை உதிர்ந்த முற்றிய குச்சியில் எது மேல் எது கீழ் என்று குழப்பம் வருவது இயல்பு. வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேற்பக்கத்தை நேராகவும் வெட்டிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. மொட்டு எப்போதும் இலைத்தழும்புக்கு மேலே இருக்கும் என்பதையும் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

வெட்டுவாயில் முதலில் தோன்றுவது வெள்ளையாக, பொரிபொரியாக ஒரு திரட்சி. இது காயம் ஆறும் திசு. பலர் இதையே வேர் என்று எண்ணிப் பெயர்த்து நட்டுவிடுகிறார்கள். திரட்சி வந்தால் குச்சி உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே பொருள். உண்மையான வேர் நூல்போல நீண்டு, நுனி கூராக இருக்கும். பெரும்பாலும் வெட்டுவாய்க்கு அருகிலோ அடிக்கணுவிலிருந்தோ பக்கவாட்டில் கிளம்பும்.

இப்படி வளரும் செடி தாய்ச்செடியின் அச்சு. மரபணு ஒன்றே என்பதால் அதே பூ, அதே மணம், அதே பருவம். விதையில் அந்த உறுதி கிடையாது. குண்டுமல்லி நம் ஊரில் பெரும்பாலும் விதை பிடிப்பதே இல்லை; தோட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு மல்லிச் செடியும் வேறொரு செடியின் குச்சியாகவோ பதியமாகவோ இருந்து வந்ததுதான். ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம் இதற்கே பெயர்போன ஊர். அந்த மணற்பாங்கான நிலத்தில் வேர்பிடிக்க வைத்த மல்லி நாற்றுகள்தான் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் போகின்றன.

நல்லது அச்சாக வருவதுபோல நோயும் அப்படியே வரும் என்பதை மறக்க வேண்டாம். இலை சுருண்ட, தேமல் விழுந்த, மாவுப்பூச்சி அப்பிய செடியிலிருந்து குச்சி எடுத்தால், அந்தத் தொல்லையையும் சேர்த்தே நடுகிறோம்.

எந்தக் கிளை

இந்தத் தேர்விலேயே பாதி வெற்றி முடிவாகிவிடுகிறது. ஆனால் பலர் இதற்கு அரை நிமிடம்கூடச் செலவிடுவதில்லை.

கிளைகளை முதிர்ச்சியை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். நுனியில் பச்சையாக, நீர்ப்பிடிப்பாக இருப்பது இளந்தண்டு. அது விரைவில் வேர்விடும், அதைவிட விரைவில் வாடும். அடியில் பழுப்பேறிக் கட்டையாகிப்போனது முற்றிய தண்டு. அது வாடாது, ஆனால் வேர்விட நாளாகும். இரண்டுக்கும் நடுவே, பச்சை பழுப்பாக மாறத் தொடங்கும் இடம் அரைமுற்றிய தண்டு. மல்லி, செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை ஆகியவற்றுக்குப் புதிதாகத் தொடங்குபவர் எடுக்க வேண்டியது இதைத்தான். வளைத்துப் பார்த்தால் தெரியும். கொடிபோல வளைந்து ஒடியாமல் நின்றால் இளசு. வளையவே மறுத்தால் முற்றல். கொஞ்சம் வளைந்து, பட்டென்று ஒடிந்து, ஒரு பக்கம் பட்டை மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கினால் அது சரியான பதம்.

தடிமன் பென்சில் அளவோ சற்றுக் குறைவோ போதும். மல்லிக்கு அதைவிட மெல்லியதும் ஆகும். பூவும் மொட்டும் இல்லாத கிளையாகப் பாருங்கள், இருந்தால் கிள்ளிவிடுங்கள். பூக்கும் கிளை தன் சத்தையெல்லாம் பூவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சமீபத்தில் யூரியாவோ வேறு தழைச்சத்து உரமோ போட்டதால் தளதளவென்று நீளமாக ஓடிய கிளையும் வேண்டாம். அதில் நீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. பார்க்கச் செழிப்பாக இருந்தாலும் அழுகுவதில் முந்திக்கொள்ளும். நல்ல வெளிச்சத்தில், நெருக்கமான கணுக்களோடு வளர்ந்த கிளையே சிறந்தது. வயதான செடியாக இருந்தால், அடியிலிருந்து புதிதாகக் கிளம்பிய கிளைகள் உச்சியில் இருப்பவற்றைவிட எளிதில் வேர்விடும்.

பருவம்? கோடை உச்சமான ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பர் வரை வசதியான காலம். வேர் இருக்கும் இடத்தின் சூடு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் வேலை வேகமாக நடக்கும். நவம்பர் கடைசியில் மல்லிக்குக் கவாத்து செய்யும்போது விழும் குச்சிகளையும் பயன்படுத்தலாம். அவை மார்கழிக் குளிரில் கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவே.

வெட்டுதல்

முந்தின நாள் மாலை தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காலை எட்டு மணிக்குள் வெட்டுங்கள். அப்போதுதான் தண்டு முழுக்க நீர் நிரம்பியிருக்கும். கவாத்துக் கத்தரியையோ புது பிளேடையோ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய திசு செத்துப்போய், பூஞ்சைக்கு முதல் வாசலாகிவிடும்.

நீளம் 12 முதல் 15 செ.மீ., கணுக்கள் மூன்று அல்லது நான்கு. அடி வெட்டு ஒரு கணுவுக்குக் கீழே கால் அங்குலத்தில் இருக்கட்டும். கணுவின் அருகில்தான் வேராக மாறக்கூடிய திசுவும் சேமிப்பும் அதிகம். மேல் வெட்டு மேற்கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே வரட்டும். கணுவை ஒட்டி வெட்டினால் மேல்முனை காயும்போது மொட்டும் சேர்ந்து காய்ந்துவிடும்.

அடுத்தது இலை. மண்ணுக்குள் போகும் பகுதியில் ஓர் இலைகூட இருக்கக் கூடாது, அங்கே அழுகும். மேலே இரண்டு இலைகளை மட்டும் விடுங்கள். செம்பருத்திபோல அகன்ற இலையாக இருந்தால் ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக நறுக்குங்கள். எல்லா இலையையும் உருவிவிட்டால் நீர் இழப்பு இன்னும் குறையுமே என்று தோன்றும். ஆனால் அரைமுற்றிய குச்சிக்கு அந்த இரண்டு அரை இலைதான் சர்க்கரையும் ஆக்சினும் தருகிறது. அதை முற்றிலும் எடுத்தால் வேர் வரும் வாய்ப்பே குறைந்துபோகும். முருங்கைப் போத்து, மாதுளை, திராட்சைபோல முற்றிய குச்சியில் சேமிப்பு அதிகம் இருப்பதால் இலை இல்லாமலே சமாளிக்கும்.

வெட்டியதை உடனே நட முடியாவிட்டால் ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் பைக்குள் போட்டு, நிழலில் வையுங்கள். நிறுத்தி வைத்திருக்கும் பைக்கின் சீட்டில், வெயிலில் பத்து நிமிடம் கிடந்தாலே மீளாத குச்சிகள் உண்டு.

செம்பருத்தியில் கணு இடுக்குகளில் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய்ச் சோப்புக் கரைசல் கலந்து குச்சியை முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகு நடுங்கள்.

வேர் ஊக்கி

நியூயார்க் மாநிலத்தின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிறுவனத்தில் சிம்மர்மன், வில்காக்சன் ஆகிய இருவரும் 1935இல் இண்டோல் பியூட்ரிக் அமிலம் வெட்டுத்தண்டுகளில் வேரைத் தூண்டுவதை வெளியிட்டார்கள். இன்றும் கடையில் ‘ரூட்டிங் ஹார்மோன்’ என்று விற்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். சுருக்கமாக ஐ.பி.ஏ. என்பார்கள். குச்சி தானே உண்டாக்கும் ஆக்சினுக்கு இது கூடுதல் பலம்.

பாக்கெட்டில் உள்ள விழுக்காட்டைப் பார்த்து வாங்குங்கள். இளந்தண்டுக்கு 0.1 விழுக்காடு, அரைமுற்றியதற்கு 0.1 முதல் 0.3, முற்றிய கட்டைக்கு 0.8 வரை. 0.1 விழுக்காடு என்பதும் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) என்பதும் ஒரே அளவுதான். கூடுதலாகப் பூசினால் கூடுதல் வேர் வரும் என்று எண்ண வேண்டாம். அளவு மிஞ்சினால் அடி கருகும், மேல்மொட்டு விரியாமல் அடங்கிக் கிடக்கும். தனித்தூளாக வாங்கித் தண்ணீரில் கரைக்கவும் முயல வேண்டாம். ஐ.பி.ஏ. தண்ணீரில் லேசில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். அதற்கு மில்லிகிராம் காட்டும் தராசும் வேண்டும். வீட்டுக்குத் தயார்ப் பொடியே போதும்.

முறை இது. அடி ஒரு அங்குலத்தை ஈரமாக்கி உதறிவிட்டு, தனியாக ஒரு காகிதத்தில் கொட்டிய பொடியில் தொட்டு, தட்டி உதிருங்கள். மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால் போதும். டப்பாவுக்குள் நேராகக் குச்சியை விட்டால் ஈரமும் பூஞ்சையும் உள்ளே போய், மீதிப் பொடியும் கெட்டுப்போகும். மீதத்தைக் காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெயில் பட்டுப் பல ஆண்டுகள் கிடந்த பொடியில் வீரியம் இருக்காது.

வீட்டுப் பொருள்களைப் பற்றி நிறையச் சொல்வார்கள். தேன், இலவங்கப்பட்டைப் பொடி, மஞ்சள் ஆகியவற்றுக்குக் கிருமியை அடக்கும் குணம் கொஞ்சம் உண்டு, ஆக்சின் வேலையை அவை செய்யாது. கற்றாழைச் சாறு தொட்டு நடுவதில் கெடுதல் இல்லை. இளநீர் மட்டும் வேண்டாம். அதில் இருக்கும் சைட்டோகைனின் மொட்டைத் தூண்டும் பொருள், அளவு கூடினால் வேருக்குத் தடை. இளநீரின் சர்க்கரை பூஞ்சைக்கு விருந்து. மல்லியும் செம்பருத்தியும் ஊக்கி எதுவும் இல்லாமலே வேர்விடக்கூடியவை. ஊக்கி இருந்தால் வேரின் எண்ணிக்கையும் வேகமும் கூடும். பணம் செலவிடத் தயங்கினால் ஊக்கியை விட்டுவிடலாம், அடுத்து வரும் ஊடகத்தில், அதாவது குச்சியை நடும் கலவையில், சிக்கனம் பார்க்கக் கூடாது.

எதில் நடுவது

தோட்டத்து மண்ணில் நட வேண்டாம். தொழு உரம், மண்புழு உரம் கலந்த தொட்டிக் கலவையிலும் வேண்டாம். வேரில்லாத குச்சியால் சத்தை எடுக்க முடியாது. உரத்தில் உள்ள உப்பும் நுண்ணுயிர்களும் திறந்த வெட்டுவாயைத்தான் தாக்கும். வெட்டுவாய்க்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். களிமண் ஈரத்தைத் தரும், காற்றைத் தராது.

தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் (பொரிந்த வெள்ளைக் கனிமத் துகள்) ஒரு பங்கு. இதுவே போதுமான கலவை. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கட்டியில் இருக்கும் உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பலர் எம்-சாண்டைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கல்மாவு கலந்திருக்கும். அலசாமல் போட்டால் நீர் பட்டதும் இறுகிக்கொள்ளும். சலித்து மாவை நீக்கி, கழுவிய நீர் தெளிவாகும்வரை அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

ஈரத்தின் அளவைக் கையால் பார்க்கலாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், பிடி உதிர்ந்துபோனால் குறைவு.

பாத்திரம் குறைந்தது 10 செ.மீ. ஆழம் இருக்கட்டும். எந்தப் பாத்திரமானாலும் அடியில் சில செ.மீ. உயரத்துக்கு நீர் வடியாமல் நிற்கும். தட்டையான தட்டில் நட்டால் வெட்டுவாய் அந்த நீரிலேயே உட்கார்ந்திருக்கும். உயரமான டம்ளரில் நட்டால் வெட்டுவாய் அதற்கு மேலே நிற்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரில் நாலைந்து ஓட்டை போட்டுப் பயன்படுத்தினால், பிடுங்காமலே வேரைப் பார்க்கலாம். அதை இன்னொரு நிறமுள்ள டம்ளருக்குள் செருகி வைத்தால் வேர்ப்பகுதி இருட்டாக இருக்கும், பாசியும் பிடிக்காது.

முதலில் பென்சிலால் குழி போட்டு, அதற்குள் குச்சியை இறக்குங்கள். நேராகக் குத்தினால் பொடி முழுவதும் மேலேயே வழிந்துவிடும், பட்டையும் உரியும். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உள்ளே இருக்கலாம். மல்லிக்கு இரண்டு கணு உள்ளே, இரண்டு வெளியே. சுற்றிலும் விரலால் அழுத்தி, பூவாளியால் ஒரு முறை நீர் விட்டு வடியவிடுங்கள்.

மூடி வைக்கும் நான்கு வாரம்

வேர் இல்லாத குச்சி காற்றின் ஈரத்தை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. சுற்றிலும் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இலையிலிருந்து நீர் வெளியேறுவது மிகவும் குறைந்துவிடும். இரண்டு லிட்டர் பெட் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்தால் ஒரு டம்ளருக்குக் கூடாரம் தயார். நிறைய டம்ளர்கள் இருந்தால் ஒளி புகும் பிளாஸ்டிக் பெட்டியிலோ, நான்கு கம்பு ஊன்றி அதன்மேல் போர்த்திய பாலித்தீன் தாளுக்குள்ளோ வைக்கலாம். தாள் இலையில் ஒட்டக் கூடாது.

மூடிய கூடாரத்தை வெயிலில் வைத்தால், அடைத்து நிறுத்திய கார் சூடாவதைப் போல உள்ளே கொதித்துவிடும். காலையில் அரை மணி நேர வெயில்கூட வேண்டாம். அதே சமயம் இருட்டறையும் கூடாது, இலை வேலை செய்ய வெளிச்சம் வேண்டும். நேரடி வெயில் படாத வராந்தா, 50 விழுக்காடு நிழல்வலைக்குக் கீழே இன்னொரு நிழல், மரத்தடி ஆகியவை பொருத்தம். மொட்டை மாடித் தளத்தில் நேராக வைத்தால் அடிச்சூடு ஏறும். பலகையோ செங்கல்லோ போட்டு உயர்த்துங்கள்.

பாட்டிலின் உட்புறத்தில் காலையில் நீர்த்துளி பூத்திருந்தால் தண்ணீர் தேவையில்லை. பல நாள் தண்ணீர் விடாமலே ஓடும். குச்சி நட்டவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அன்பினால் தினமும் ஊற்றுவார்கள். துளி மறைந்து ஊடகம் வெளிறினால் மட்டும் தெளியுங்கள். நாளுக்கு ஒரு முறை பாட்டில் மூடியைத் திறந்து பத்து நிமிடம் காற்று மாறவிடுங்கள். உதிர்ந்த இலையை அன்றே பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒன்றில் பூஞ்சை பிடித்தால் மற்றவைக்கும் தாவும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உப்பு அதிகமான ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டால் ஊடகத்தின் மேலே வெள்ளைப் படலம் படியும். மழைநீர் சிறந்தது. ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீர் மூல நீரைவிட உப்பானது. அதைச் செடிக்குப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் குச்சிகளுக்கு மட்டுமாவது தவிர்த்துவிடுங்கள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு குச்சியை இரு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் வேர் வந்திருக்கிறது. அதற்கு முன்பு பிடுங்கிப் பார்ப்பது, முளைவிட்ட இளவேரை முறிப்பது. புது வேர் கண்ணாடி வெள்ளையாக, லேசில் முறியக்கூடியதாக இருக்கும்.

வேர் வந்த பிறகு

இரண்டு மூன்று வேர் 3 முதல் 5 செ.மீ. நீண்டு, கிளை வேரும் தெரியும்வரை பொறுத்திருங்கள். பிறகும் உடனே பெயர்க்க வேண்டாம். இதுவரை ஈரக்காற்றில் வளர்ந்த இலைக்குத் தன் துளைகளைச் சட்டென மூடும் பழக்கம் இருக்காது. முதல் இரண்டு நாள் பாட்டில் மூடியை மட்டும் கழற்றிவிடுங்கள். அடுத்த நாள்களில் மாலையில் ஒரு மணி நேரம், பிறகு இரவு முழுவதும், பிறகு பகலிலும் என்று 7 முதல் 10 நாளில் பாட்டிலை முழுவதும் எடுத்துவிடுங்கள். வாடினால் ஒரு படி பின்னால் போங்கள்.

பிறகு செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய மண்புழு உரம் ஒரு பங்கு கலந்த பைக்கு, வேரைச் சுற்றிய ஊடகத்தோடு சேர்த்து மாற்றுங்கள். ஒரு வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில். புது இலை இரண்டு ஜோடி வந்தபின் உரத்தை நினைக்கலாம். வளர்ந்த செடிக்கு லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யம் என்றால் இந்தக் குழந்தைக்கு 10 மி.லி. போதும். முதலில் வரும் பூமொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மனம் கேட்காதுதான், ஆனால் அந்தச் சத்து வேருக்குப் போனால் அடுத்த பருவத்தில் பூ கொட்டும்.

செத்த குச்சி சொல்லும் காரணம்

காய்ந்த குச்சியைத் தூக்கி எறியும் முன் அடியையும் நுனியையும் பாருங்கள். எந்த முனை முதலில் கெட்டது என்பதில் விடை இருக்கிறது.

அடி கறுத்து, கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்தால் நீர் அதிகம், காற்று குறைவு. மணலின் பங்கைக் கூட்டுங்கள், நீரைக் குறையுங்கள், புதுப் பாத்திரத்தையும் புது ஊடகத்தையும் பயன்படுத்துங்கள். கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் சரியாகும் என்று கடையில் சொல்வார்கள். ஈரத்தில் அடியழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் மீது அந்த மருந்து வேலை செய்யாது. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை முன்கூட்டியே ஊடகத்தில் கலப்பது நல்ல காப்பு, ஆனாலும் தேங்கும் நீருக்கு அது மாற்று ஆகாது.

நுனியிலிருந்து பழுப்பாகக் காய்ந்து கீழே இறங்கியிருந்தால் ஈரப்பதம் போதவில்லை, அல்லது சூடு அதிகம். அடிப்பக்கம் இன்னும் பச்சையாக இருந்தால் காய்ந்ததை வெட்டிவிட்டு மூடி வையுங்கள், பிழைக்கவும் கூடும்.

இரண்டே நாளில் இலை முழுவதும் உதிர்ந்தால், குச்சி வெட்டிய பிறகு நடும் முன்பே வாடியிருக்கிறது, அல்லது இளசாக எடுத்துவிட்டீர்கள். இலை உதிர்ந்தாலும் தண்டு பச்சையாக இருக்கும்வரை எறிய வேண்டாம். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது.

எட்டு வாரமாகியும் பச்சை மாறாமல், வெறும் திரட்சியோடு நின்றால் குச்சி முற்றல், அல்லது இடம் குளிர்ச்சி. அடியில் ஒரு பக்கம் 2 செ.மீ. நீளத்துக்குப் பட்டையை மெல்லச் சீவி, ஊக்கி தொட்டு மறுபடி நடுங்கள். புதுக் காயம் பெரும்பாலும் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

செடிக்குச் செடி

ஒற்றை இதழ்ச் சிவப்புச் செம்பருத்தி மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் வேர்விடும். முதல் முயற்சிக்கு இதைவிட நல்ல செடி இல்லை. தட்டுப்போலப் பூக்கும் பல வண்ணக் கலப்பினங்கள் முரண்டு பிடிக்கும், நர்சரிகளில் அவற்றை ஒட்டுக்கட்டித்தான் விற்கிறார்கள். குண்டுமல்லி நான்கு முதல் ஆறு வாரம். இட்லிப்பூ இரண்டு மாதம்கூட எடுத்துக்கொள்ளும்.

ரோஜாவில் வகை முக்கியம். பன்னீர் ரோஜாவும் எட்வர்டு ரோஜாவும் குச்சியில் நன்றாக வரும். பூங்கொத்து ரோஜாக்கள் வேர்விட்டாலும் சொந்த வேரில் பலமாக நிற்காது, அவற்றைக் காட்டு ரோஜாவின் வேரில் மொட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். வாங்கிய ரோஜாச் செடியில் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும், முள் அடர்ந்த, இலை வேறுபட்ட கிளையிலிருந்து குச்சி எடுத்தால் கிடைப்பது அந்தக் காட்டு ரோஜாதான். ஒட்டின் வீக்கத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மேலிருந்து எடுங்கள்.

கள்ளி, டிராகன் பழம், பெருங்கள்ளிபோலச் சதைப்பற்றோ பாலோ உள்ளவற்றுக்கு விதி நேர்மாறு. வெட்டியவுடன் நட்டால் அழுகும். ஒரு வாரம் நிழலில் போட்டு வெட்டுவாய் தோலாகக் காய்ந்த பிறகு, பெரும்பங்கு மணலில், மூடாமல் நட வேண்டும்.

புதினா, கற்பூரவல்லி, துளசி ஆகியவற்றுக்கு இத்தனை ஏற்பாடும் வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணீர் போதும். புதினா ஒரு வாரத்திலேயே வேர்விடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றி, வேர் 2 செ.மீ. ஆனதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். நீரிலேயே நீளமாக வளர்ந்த வேர் மண்ணில் சட்டெனப் பழகாது.

முருங்கையில் மூன்றடிக்குக் குறையாத போத்தை, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே நேரடியாக நடுவது வழக்கம். மரவள்ளிக்கு எட்டுப் பத்துக் கணு உள்ள துண்டு. மாதுளைக்கு ஒரு சாண் அளவு முற்றிய குச்சி.

கறிவேப்பிலைக் குச்சியில் நேரத்தை வீணாக்காதீர்கள். அது அரிதாகவே வேர்விடும். பழுத்த விதையை உடனே நடுவதோ, மரத்தடியில் பக்க வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பிரித்து எடுப்பதோதான் வழி. தென்னை, பனைக்குக் கிளையே இல்லை. மாவுக்கு ஒட்டுக்கட்டுதல். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் விண்பதியம் நம்பகமானது. கிளையை மரத்திலிருந்து பிரிக்காமலே ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈர நார்க்கழிவை அப்பி, பாலித்தீனால் இறுகக் கட்டி, உள்ளே வேர் நிறைந்த பிறகு வெட்டி எடுப்பார்கள். கிளைக்குத் தாயின் நீர் கடைசிவரை கிடைத்துக்கொண்டிருப்பதால், குச்சியில் தோற்றுப்போகும் பல செடிகள் இதில் வந்துவிடும்.